சால்டர் மேசை: வாசகர் கேள்வி பதில்

தண்ணீர்த் தொட்டி தானாக நிரம்பும் சர்க்யூட் பற்றிப் போன இதழில் எழுதியதிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டு (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர்) வாங்குவது? குறைந்த விலையில் பல விதம் கிடைக்கிற காலத்தில் இந்தக் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சில கடிதங்களைச் சுருக்கி இங்கே போட்டிருக்கிறேன்.

*

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். கடைக்காரர் ஈஎஸ்பி32 வாங்குங்கள், ஆர்டுயினோவைவிட விலை குறைவு, வேகமும் பல மடங்கு என்கிறார். இவனோ ஆர்டுயினோ யூனோதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், திண்டுக்கல்

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கிட்டுகளில் வழக்கமாக வரும் யூனோ ஆர்3இல் இருப்பது 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8 பிட் ஏடிமெகா328பி சிப், ரேம் வெறும் 2 கிலோபைட். ஈஎஸ்பி32இல் 240 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், 520 கிலோபைட் ரேம், போதாததற்கு வைஃபையும் புளூடூத்தும். ஆனாலும் முதல் போர்டுக்கு உங்கள் மகன் பேச்சைக் கேளுங்கள் என்பேன். அதற்குக் காரணம் 5 வோல்ட். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கிட்டில் வருகிற தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், பச்சை எல்சிடி, நீல நிற ரிலே எல்லாமே 5 வோல்டுக்கென்று செய்தவை. யூனோவில் நேராகச் செருகினால் ஓடும். ஈஎஸ்பி32இன் பின்கள் 3.3 வோல்ட். அந்த அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின் 5 வோல்டைத் திருப்பி அனுப்பும் என்பதால் நடுவில் ஒரு 1 கிலோ ஓம், ஒரு 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்க வேண்டும். கற்றுக்கொள்ளக்கூடியதுதான், ஆனால் முதல் வாரத்திலேயே வேண்டாம்.

அந்த யூனோ ஆர்3இலும் இரண்டு வகை உண்டு. 28 கால்களோடு நீளமான சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பையன் தவறிப்போய் 12 வோல்டை ஒரு பின்னில் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் போவது சிப் மட்டும்தான். ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, பூட்லோடர் (யுஎஸ்பி வழியாகப் புரோகிராம் ஏற்ற உதவும் குட்டிப் புரோகிராம்) ஏற்றிய புது சிப்பைச் செருகிக்கொள்ளலாம். என் இழுப்பறையில் ஒரு தீப்பெட்டி நிறைய அப்படிச் செத்த சிப்புகள் இருக்கின்றன. மூன்று நான் கொன்றவை, மீதி என் அக்கா மகன் கணக்கு.

நகல் போர்டு என்றாலும் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் போர்ட்டே தெரியவில்லை என்றால் பதறாதீர்கள், அதில் யுஎஸ்பிக்கு சிஎச்340 என்ற சிப் இருக்கும், அதற்கான டிரைவரைப் போட வேண்டும். அதற்கும் முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற மட்டும் உதவும் கேபிள்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து, போனிலிருந்து லைட்டைப் போட வேண்டும் என்பான். அன்றைக்கு அந்தக் கடைக்காரரிடம் போய் ஈஎஸ்பி32 வாங்கிக்கொடுங்கள்.

*

ஆர்டுயினோ நானோவில் ஓஎல்இடி திரை தனியாக ஓடுகிறது. எஸ்டி கார்டு மாட்யூலும் தனியாக ஓடுகிறது. இரண்டையும் ஒரே புரோகிராமில் சேர்த்தால் திரை கறுப்பாகவே நிற்கிறது. கம்பைல் செய்யும்போது ரேம் 60 சதவீதம்தான் செலவு என்று காட்டுகிறது. நானோ பழுதா, வேறு போர்டு வாங்கவா?
– பாலிடெக்னிக் மாணவர், சிவகாசி

பழுதெல்லாம் இல்லை தம்பி, இடம் இல்லை. உங்கள் திரை 128க்கு 64 புள்ளி. பெருக்கினால் 8192 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 1024 பைட். நானோவில் மொத்தமே 2048 பைட்தான், ஆக திரையின் படத்தை வைத்துக்கொள்ள மட்டுமே பாதி ரேம் போய்விடுகிறது. நீங்கள் போட்டிருப்பது எல்லோரும் போடுகிற எஸ்எஸ்டி1306 லைப்ரரியாகத்தான் இருக்க வேண்டும். அது அந்த 1024 பைட்டைக் கம்பைல் நேரத்தில் கேட்காது, புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகுதான் கேட்கும், அதனால் கம்பைலர் காட்டும் 60 சதவீதத்தில் அந்தக் கணக்கே சேராது. 2048இல் 60 சதவீதம் ஏறக்குறைய 1229, மிச்சம் 819. 819இல் 1024ஐ எங்கே வைப்பது? லைப்ரரி ‘முடியாது’ என்று ஃபால்ஸ் திருப்பி அனுப்புகிறது, உங்கள் புரோகிராம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. எஸ்டி லைப்ரரியும் தன் பங்குக்கு 512 பைட்டை எடுத்து வைத்திருக்கிறது, சேர்த்ததும் தகராறு வருவது அதனால்தான்.

வழிகள் உண்டு. யு8ஜி2 லைப்ரரியில் திரையைத் துண்டு துண்டாக வரையும் வகை இருக்கிறது, அதற்கு 128 பைட் போதும். எழுத்து மட்டும் காட்டினால் போதுமென்றால் யு8எக்ஸ்8, அதற்குப் படம் வைக்க ரேமே வேண்டாம். சீரியலில் அச்சடிக்கிற நீள நீளமான ஆங்கில வாக்கியங்களும் ரேமில்தான் போய் உட்கார்கின்றன. அவற்றை எஃப் மேக்ரோவுக்குள் போட்டால் புரோகிராம் இருக்கும் ஃபிளாஷிலேயே இருந்துகொள்ளும்.

போர்டை மாற்றுவதென்றால் ராஸ்பெர்ரி பை பிகோ இந்த வேலைக்கு நல்ல பொருத்தம். 264 கிலோபைட் ரேம், உங்கள் திரையைப்போல இருநூற்றைம்பது திரைகளுக்குக் காணும். (அதற்குப் போனால் எஸ்டி மாட்யூலும் 3.3 வோல்டில் ஓடும் வகையாக இருக்கட்டும்.) ஆனால் புராஜெக்ட் சமர்ப்பிக்க நாள் இருந்தால் முதலில் நானோவிலேயே சரிசெய்து பாருங்கள். ஒருமுறை பைட் பைட்டாக எண்ணிப் பார்த்தவர் பிறகு எந்த போர்டு வாங்கப் போனாலும் முதலில் ரேம் எவ்வளவு என்றுதான் கேட்பார்.

*

2021இல் வந்த பிகோவும் ராஸ்பெர்ரி பையும் ஒன்றா? இரண்டிலும் ராஸ்பெர்ரி என்று போட்டிருக்கிறதே.
– மதுரை

ஒரே கம்பெனி, வேறு வேறு சாதி. ராஸ்பெர்ரி பை ஒரு முழுக் கம்ப்யூட்டர். லினக்ஸ் ஏறும், மானிட்டர் மாட்டலாம், எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும், திடீரென்று கரண்ட் போனால் அந்தக் கார்டு கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. பிகோ ஒரு மைக்ரோகன்ட்ரோலர். கரண்ட் வந்த மறுநொடி உங்கள் ஒரே புரோகிராம் ஓடும், பிடுங்கினால் நிற்கும், அவ்வளவுதான். கேமராவில் முகம் பார்க்க வேண்டுமா, பை. ஃபேன் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டுமா, பிகோ.

*

கல்லூரியில் இன்னும் 8051 நடத்துகிறார்கள். 1980இல் வந்த சிப். இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?
– இரண்டாமாண்டு இசிஇ மாணவி, சேலம்

பரீட்சையில் தேறலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, 128 பைட் ரேம் உள்ள சிப்பில் அசெம்பிளி எழுதும்போது டைமர் எப்படி எண்ணுகிறது, இன்டரப்ட் வந்தால் புரோகிராம் எங்கே தாவுகிறது என்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். ஆர்டுயினோவில் அதே சங்கதிகள் ஒரு டிலே வரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஆனால் ஃபைனல் இயர் புராஜெக்டை 8051இல் செய்யாதீர்கள். அதில் அனலாக் அளக்கும் வசதியே கிடையாது, ஒரு அனலாக் வெப்பநிலை சென்சார் வைக்கக்கூட இன்னொரு சிப் மாட்டி எட்டு ஒயர் இழுக்க வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிற எண்ணத்தில் கேட்கிறீர்கள் என்றால் எஸ்டிஎம்32 என்ற 32 பிட் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று வாங்கி, ஆர்டுயினோ உதவி இல்லாமல் சிப்பின் ரெஜிஸ்டரை நேராகத் தொட்டு ஒரு எல்இடியை மினுக்கிப் பாருங்கள். 8051 படித்த கைக்கு அது கஷ்டமாக இருக்காது.

*

தோட்டத்து பம்ப்செட்டை ஈஎஸ்பி32 வைத்து ஓட்டுகிறேன். மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது, சில சமயம் அப்படியே தொங்கிவிடுகிறது. எஸ்டிஎம்32க்கு மாறினால் சரியாகும் என்கிறார் நண்பர். மாறலாமா?
– விவசாயி, பொள்ளாச்சி அருகே

மாறினால் எஸ்டிஎம்32உம் ரீஸ்டார்ட் ஆகும். நண்பரிடம் கோபிக்க வேண்டாம், நானும் ஒரு காலத்தில் இதே காரணத்துக்காக இரண்டு போர்டு மாற்றியவன்தான்.

முதலில் ஒரு சோதனை. ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரை, மெயினை அணைத்துவிட்டு, ரிலேயிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்போது வெறும் ரிலேயை மட்டும் இருபது தடவை ‘டக் டக்’ என்று போட்டு அணையுங்கள். ரீஸ்டார்ட் ஆகவில்லையா? அப்படியென்றால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டருக்குள் ஸ்விட்சை இழுத்துப் பிடிக்கும் காண்டாக்டர் காயில் (கம்பிச் சுருள்) அணையும்போது அதில் தேங்கிய சக்தி ரிலே முனையில் பொறியாகத் தெறிக்கிறது, அந்த இரைச்சல் பக்கத்திலிருக்கும் ஒயர்கள் வழியாக போர்டின் ரீசெட் பின்னுக்கே வந்துவிடுகிறது. காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் (அந்தச் சக்தியை விழுங்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஜோடி) போட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: பல பம்ப்செட் ஸ்டார்ட்டர்களில் காயில் இரண்டு பேஸுக்கு நடுவில் 415 வோல்டில் நிற்கும், அதில் 230 வோல்டுக்கான ஸ்னப்பரைப் போட்டால் அது வெடிக்கும். காயில் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக் கேட்டு வாங்குங்கள், மாட்டுவதை எலக்ட்ரீசியன் செய்யட்டும். போர்டுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை கொடுத்து, சென்சார் ஒயர்களை மோட்டார் ஒயரோடு ஒரே பைப்பில் விடாமல் பிரித்துவிட்டு, புரோகிராமில் வாட்ச்டாக் டைமரையும் (புரோகிராம் தொங்கினால் போர்டைத் தானாக ரீஸ்டார்ட் செய்வது) போட்டுவிட்டால் தொங்கியே கிடப்பதும் நிற்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று, நீங்கள் அனுப்பிய ஒயரிங் படத்தில் கண்ணில் பட்டது. மோட்டார் ஓடுகிற நேரம் முழுக்க ரிலேயைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அப்படி வேண்டாம். ஒரு ரிலேயை ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனுக்கு இணையாகவும், இன்னொன்றைச் சிவப்புப் பட்டனோடு தொடராகவும் போடுங்கள். ஈஎஸ்பி32 ஒரு விநாடி பட்டனை அமுக்குகிற வேலையை மட்டும் பார்க்கட்டும். பிடித்து வைத்திருப்பதை ஸ்டார்ட்டரே செய்யும், ஓவர்லோடு ரிலேயும் தன் வேலையைச் செய்யும், போர்டு செத்தாலும் சிவப்புப் பட்டனை அமுக்கினால் மோட்டார் நிற்கும். ரிலேக்கு எந்தப் பின் என்பதிலும் கவனம். ஈஎஸ்பி32இல் சில பின்கள் பூட் ஆகும்போது தாமாகவே ஆடும், 12ஆம் பின்னை அந்த நேரத்தில் ஏதாவது ஒன்று மேலே இழுத்துவிட்டால் போர்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

தோட்டத்தில் வைஃபை இல்லாததால் சிம் போடும் மாட்யூல் வாங்கப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மலிவாகக் கிடைக்கும் சிம்800எல் 2ஜி மட்டும்தான் பேசும், ஜியோ சிம்மில் ஓடாது. 4ஜி மாட்யூலாகவே வாங்கிவிடுங்கள்.

*

மொட்டை மாடியில் ஈஎஸ்பி32 வைத்து 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை வைஃபையில் அனுப்புகிறேன். டீப் ஸ்லீப் (வேலை இல்லாதபோது சிப்பைத் தூங்க வைப்பது) போட்டும் 2500 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரி பன்னிரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. இணையத்தில் பத்து மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்கிறார்களே?
– ஐடி ஊழியர், சென்னை

பத்து மைக்ரோ ஆம்பியர் என்பது சிப்பின் கணக்கு. நீங்கள் வாங்கியது போர்டு. அதில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே சில மில்லி ஆம்பியர் குடிக்கும், யுஎஸ்பி சிப் கொஞ்சம், ராத்திரியெல்லாம் சிவப்பாக எரிகிற பவர் எல்இடி கொஞ்சம். எல்லாம் சேர்ந்து 8 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 192 மில்லி ஆம்பியர் அவர். வைஃபைக்கு ஆவது எவ்வளவு? ஒவ்வொரு தடவையும் 5 விநாடி, சராசரி 120 மில்லி ஆம்பியர் என்றால் 0.17 மில்லி ஆம்பியர் அவர்கூட இல்லை, நாளுக்கு 96 தடவைக்கு 16தான். ஆக உங்கள் பேட்டரியில் பத்தில் ஒன்பது பங்கைக் குடித்தது தூங்குகிற போர்டு.

ரெகுலேட்டரும் எல்இடியும் இல்லாத வெறும் மாட்யூலை வாங்கி, 3.2 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை நேராக 3.3 வோல்ட் பின்னில் கொடுங்கள். சார்ஜ் ஏறும்போது அது 3.65 வோல்ட் வரை போகும், சார்ஜரிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் வைத்துவிட்டு மாட்டினால் 3.6க்குக் கீழே இறங்கியிருக்கும், ஈஎஸ்பி32 அதுவரைதான் தாங்கும். அதே 2500க்கு ஐந்து மாதம் வரும். அரை மணிக்கு ஒருமுறை அனுப்பினால் இன்னும் அதிகம், மொட்டை மாடி வெயில் 15 நிமிடத்தில் அப்படி ஒன்றும் மாறிவிடாது. பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டும், புளூடூத் போதும் என்பவர்கள் நார்டிக்கின் என்ஆர்எஃப்52 வகையைப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் அது பிறந்ததே இதற்காக.

*

தொட்டி நீரின் பிஎச் அளவை ஈஎஸ்பி32இன் அனலாக் பின்னில் படிக்கிறேன். எண் நிலையில்லாமல் குதிக்கிறது. வைஃபை ஆன் செய்தால் சில பின்கள் படிப்பதே இல்லை. யூனோவில் ஒழுங்காக வந்தது.
– உயர்தர வகுப்பு மாணவர், யாழ்ப்பாணம்

12 பிட் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து யூனோவின் 10 பிட்டைவிட நான்கு மடங்கு துல்லியம் என்று நம்பி ஏமாந்தவர்கள் வரிசையில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள், வாருங்கள். ஈஎஸ்பி32இல் அனலாக் படிப்பது அதன் பலவீனம். மிகக் குறைந்த, மிக அதிக வோல்டேஜ் முனைகளில் எண் நேர்கோட்டில் ஏறாமல் வளையும், இரைச்சலும் உண்டு. ஏடிசி2 என்ற பிரிவில் உள்ள பின்கள் வைஃபை ஓடும்போது கிடைக்கவே கிடைக்காது, அதனால் 32 முதல் 39 வரையிலான பின்களில் உள்ள ஏடிசி1ஐ மட்டும் பயன்படுத்துங்கள். பிஎச் போன்ற நுணுக்கமான அளவுக்கு அதுவும் போதாது. ஏடிஎஸ்1115 என்று ஒரு 16 பிட் மாட்யூல் வாங்கி இரண்டு ஒயரில் இணையுங்கள். இல்லையென்றால் யூனோ படித்துச் சொல்லட்டும், ஈஎஸ்பி32 அனுப்பட்டும். இரண்டு போர்டு வைப்பது அசிங்கம் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம்.

*

வெட் கிரைண்டருக்கு டைமர் செய்து விற்க நினைக்கிறேன், முதல் தவணை 500. இரண்டு இலக்க டிஸ்ப்ளே, மூன்று பட்டன், பஸ்ஸர், ரிலே. மாதிரியை ஈஎஸ்பி32இல் செய்துவிட்டேன். அப்படியே போகலாமா?
– சிறுதொழில் செய்பவர், கோயம்புத்தூர்

மாவாட்ட வைஃபை எதற்கு? ரேடியோ உள்ள பொருளை இந்தியாவில் விற்க ஈடிஏ என்ற அரசு ஒப்புதல் வேறு பார்க்க வேண்டியிருக்கும். கால்களை எண்ணுவோம்: டிஸ்ப்ளேவுக்கு 7, இலக்கத்துக்கு ஒன்றாக 2, பட்டன் 3, பஸ்ஸர் 1, ரிலே 1. மொத்தம் 14. ஏடிடைனி85இன் எட்டுக் காலில் இது அடங்காது. 20 கால் சிஎச்32வி003இல் 18 பின் கிடைக்கும், அடங்கும். 48 மெகாஹெர்ட்ஸ், 16 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ரேம், விலையோ ஒரு டீக்குப் பக்கத்தில். 5 வோல்டிலேயே ஓடுவதால் 3.3 வோல்ட் ரெகுலேட்டரும் மிச்சம். குறைகளும் உண்டு: பெருக்கலுக்குத் தனிக் கட்டளைகூட இல்லாத சிப், டைமருக்கு அது தேவையில்லை, ஈஈப்ராம் (கரண்ட் போனாலும் அழியாத சின்ன நினைவகம்) இல்லை, கடைசியாக வைத்த நேரத்தை நினைவில் வைக்க ஃபிளாஷில்தான் எழுத வேண்டும், இந்தச் சிப்புக்கென்று தனி புரோகிராமர் (புரோகிராமை ஏற்றும் கருவி) வாங்க வேண்டும்.

ஆனால் உங்களிடம் வேலை பார்க்கும் பையனுக்கு ஏற்கெனவே மைக்ரோசிப் கம்பெனியின் பிக் (PIC) சிப் அத்துப்படி, புரோகிராமரும் மேசையில் இருக்கிறது என்றால் பிக்கிலேயே செய்யுங்கள். சிப்புக்கு இருபது ரூபாய் கூடினாலும் 500க்குப் பத்தாயிரம்தான். புதிதாக ஒன்றைக் கற்க அந்தப் பையனின் ஒரு மாதச் சம்பளம் அதைவிட அதிகம். ஐயாயிரம் என்றால் கணக்கு வேறு.

வாங்கும் இடத்திலும் உஷார். 2021 சிப் தட்டுப்பாட்டின்போது அவசரத்துக்கு ஒரு கடையில் எஸ்டிஎம்32 வைத்த ‘புளூ பில்’ என்ற சின்ன போர்டு முப்பது வாங்கினேன். சிப்பின் மேல் எஸ்டிஎம்32எஃப்103 என்று அழகாகப் பொறித்திருந்தது. புரோகிராமரில் மாட்டினால் அடையாள எண்ணின் முதல் இலக்கம் 1 வர வேண்டிய இடத்தில் 2 வந்தது, வேறு யாரோ செய்த சிப்பின் மேல் பெயரை மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். பத்தொன்பது ஓடியது, பதினொன்று யுஎஸ்பியில் பேசவே இல்லை. அன்றிலிருந்து, தவணைக்கு வாங்கும் சிப்பை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் பில்லோடு மட்டும்தான் வாங்குகிறேன்.

*

யூனோவில் என் டைமர் புரோகிராம் அரை நிமிடம் நன்றாக ஓடி, பிறகு நேரத்தை மைனஸில் காட்டுகிறது. அதே புரோகிராமை நண்பனின் ஈஎஸ்பி32இல் போட்டால் மணிக்கணக்கில் ஓடுகிறது. யூனோ அவ்வளவு மோசமா?
– திருநெல்வேலி

மில்லிஸ் (போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து ஆன மில்லி விநாடியைச் சொல்லும் ஃபங்ஷன்) தரும் எண்ணை இன்ட் வகை மாறியில் வைத்திருக்கிறீர்கள். யூனோவில் இன்ட் என்றால் 16 பிட், 32767 வரைதான் எண்ணும். மில்லி விநாடியில் அது 32.767 விநாடி, உங்கள் அரை நிமிடம். ஈஎஸ்பி32இல் அதே இன்ட் 32 பிட், அதனால் தப்பு இருந்தும் தெரியவில்லை. அன்சைன்ட் லாங் என்று மாற்றிவிடுங்கள். அப்போதும் 49 நாள் கழித்து எண் மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். கழித்துப் பார்த்து ஒப்பிட்டால் அதுவும் தொந்தரவு செய்யாது. நண்பனின் ஈஎஸ்பி32இல் உள்ள புரோகிராமையும் மாற்றச் சொல்லுங்கள், அங்கே 24 நாளில் மைனஸ் வரும்.